மதிலுக்கு அந்தப் பக்கம்

சென்னையில் கல்மண்டபத்திலிருந்து கொஞ்சம் தெற்கே வந்தால் இப்ராஹிம் சாகிப் தெருவில் மாடிப்பூங்கா இருக்கிறது. கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மதிலில் மிஞ்சிய துண்டு அது. மதிலுக்குத் தெற்கே நகரம், வடக்கே வெளியூர். அதாவது கல்மண்டபம் அந்தக் காலத்துக் கணக்கில் வெளியூர்.

மதில் எழும்பியது பயத்தில்தான். 1758-இல் பிரெஞ்சுக்காரன் லல்லி வந்து கறுப்பர் நகரத்தில் புகுந்தான். 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் ஓரம் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கோட்டையிலிருந்த துரைமார்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி இன்ஜினீயரிடம் மதில் கட்டும் ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள்.

பென்ஃபீல்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். ஆள் வாங்கியது சாதாரணக் கம்பெனிச் சம்பளம். ஆனால் ஆற்காட்டு நவாபும் இன்னும் சிலரும் தனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் பாக்கி என்று கணக்குக் காட்டினான். அந்தப் பாக்கியை ஒட்டிக் கிளம்பிய தகராறில், 1776-இல் கவர்னர் பிகட்டையே அவருடைய கவுன்சில்காரர்கள் பிடித்து அடைத்துவைத்தார்கள். லண்டன் பார்லிமென்ட்டில் எட்மண்ட் பர்க் பென்ஃபீல்டைக் கிழி கிழியென்று கிழித்தார். கடைசியில் மனுஷன் பாரிஸில் ஏழையாகச் செத்தான். நம்மூர் கான்ட்ராக்டர்களுக்கு முன்னோர் யார் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.

மதில் முடிந்ததும் பில் வந்தது. “மதில் உங்கள் பாதுகாப்புக்குத்தானே, காசை எடுங்கள்” என்பது கம்பெனியின் நியாயம். மதில் வரி! ஆனால் வசூலிக்கப் போன இடத்தில், இப்படி ஒரு வரி போடச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்ற சந்தேகம் அவர்களுக்கே வந்துவிட்டது. முன்னமே சூடு கண்ட பூனை வேறு: 1686-இல் கவர்னர் கிஃபோர்டு வீட்டு வரி என்று ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள். ஆக, வரி வசூலாகவில்லை. மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அது வ.உ.சி. சாலை. வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர் பெயர் அங்கே வந்தது பொருத்தம்தான்.

சரி, வசூலாகியிருந்தால்? வண்ணாரப்பேட்டையில் துணி வெளுக்கிறவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வீடு மதிலுக்கு வெளியே, வேலை கொடுக்கும் வியாபாரி மதிலுக்கு உள்ளே. மூட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து வெளுத்துக் கொடுக்கிறார். “காசு உள்ளே சம்பாதிக்கிறாய், வரி கட்டு” என்பார் கம்பெனியின் துபாஷி. “ஹைதர் வந்தா மொதல்ல எரியப்போறது என் குடிசைங்க. எனக்கில்லாத மதிலுக்கு நான் ஏன் கட்டணும்?” என்பார் இவர். ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டாம். நானே ஜோடித்த வழக்கு இது.

ஜோடிக்காத வழக்கும் உண்டு. கொரோனா காலத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள் பாஸ்டன் ஆபீஸ் வேலையைத் தங்கள் வீட்டிலிருந்தே செய்தார்கள். சம்பளத்துக்கு வருமான வரி கேட்காத மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். மாசசூசெட்ஸோ “ஆபீஸ் எங்க ஊரு, வரியும் எங்களுக்கே” என்றது. நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2021-இல் கோர்ட், விசாரிக்கவே மாட்டோம் என்று கையை விரித்தது.

நம் நாட்டில் இந்தச் சண்டை பெரிதாக இல்லாததற்குக் காரணம், சம்பளத்துக்கு வருமான வரி வசூலிக்கும் பை மத்திய அரசிடம் மட்டுமே இருப்பது. அந்தப் பையைத் தைத்தவர் ஜேம்ஸ் வில்சன். எகானமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர், அதற்கு முன் தொப்பி வியாபாரி. கல்கத்தாவுக்கு வந்து 1860-இல் நாட்டுக்கே குல்லா போட்டார்: 200 முதல் 500 ரூபாய் வரை வருஷ வருமானத்துக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யனுக்குப் பொறுக்கவில்லை. வரியை விடு, செலவைக் குறை என்று எழுதியதோடு நிற்காமல், அந்தக் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். அயர்லாந்துப் பஞ்சத்தில் கையை இறுக்கி மூடிக்கொண்ட அதே ட்ரெவெல்யன்தான்! பதவி போய்க் கப்பலேறினார். வில்சன் அந்த ஆகஸ்டிலேயே வயிற்றுக்கடுப்பில் காலமானார். பிறகு ட்ரெவெல்யனே நிதி உறுப்பினராகத் திரும்பிவந்தார்; 1865-இல் அந்த வரி காலாவதியானது. அப்புறம் வேறு சட்டத்தில் திரும்ப வந்தது என்பதை உங்கள் சம்பளச் சீட்டே சொல்லும்.

மாநிலங்களுக்கென்று அரசியல் சட்டம் விட்டுவைத்த சில்லறை, விவசாய வருமான வரியும் தொழில் வரியும். தொழில் வரிக்கு 276-ஆவது பிரிவு போட்ட உச்சவரம்பு வருஷத்துக்கு 250 ரூபாய். 1988-இல் 2,500 ஆனது. அதற்குப் பிறகு டீ விலை எங்கேயோ போய்விட்டது, உச்சவரம்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கர்நாடகத்தில் மாநில அரசு மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300 பிடிக்கிறது. சென்னையில் மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை கேட்கிறது.

இப்போது கல்மண்டபத்தில் மாடி ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பே-ஸ்லிப்பில் பி.டி., அதாவது தொழில் வரி, 200. எச்.ஆர்.-க்கு மெயில் போட்டால், “உங்க லொக்கேஷன் பெங்களூருன்னு இருக்கு” என்று பதில் வருகிறது. மீன் வாங்கிவந்த அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

“இன்னாடி இது இருநூறு?”

“கர்நாடகாவுக்கு வரிம்மா.”

“அவனுக்கா? மாசாமாசமா? ஒரு வாட்டியாவது தண்ணிய ஒழுங்கா வுட்டானா அவன்?”