சிலிண்டருக்கும் ஒரு சீட் பெல்ட்

ஜீப் ஆசாமி, அடையாறு
கேள்வி: ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போக ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லர் செய்யச் சொல்லியிருக்கிறேன். உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பது? 'படுக்கைக்கு அடியிலேயே சூப்பரா ஒரு டப்பா அடிச்சுத் தர்றேன் சார்' என்கிறார் பட்டறைக்காரர்.

பதில்: படுக்கைக்கு அடியில் பழைய காதல் கடிதம் வைக்கலாம், மனைவிக்குத் தெரியாமல் சேர்த்த பணம் வைக்கலாம். சிலிண்டர் மட்டும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவி, நீங்கள் தலை வைத்துப் படுக்கும் உயரத்திலேயே தங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். திரவமாக இருக்கும் 1 லிட்டர் கேஸ் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் ஆவியாகும். காற்றில் அது கிட்டத்தட்ட 2 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பிடிக்கும் கலவை ரெடி. உங்கள் டிரெய்லரின் உள்ளே 7 கன மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால், அதில் 2 சதவீதம் என்பது 140 லிட்டர் ஆவி. அதற்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே திரவம் கசிந்தால் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் அப்படி எத்தனை அரை லிட்டர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே, இடம் வெளியேதான். அமெரிக்காவில் இந்த மாதிரி டிரெய்லர்களில் புரொப்பேன் டாங்க்கை முன்பக்கம், வண்டியோடு மாட்டும் முக்கோணச் சட்டத்தின்மேல் நிற்க வைத்திருப்பார்கள். கசிந்தாலும் காற்றோடு போய்விடும், தூங்குபவருக்கும் டாங்க்குக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கும். பின்பக்கம் மாட்டக் கூடாதா என்பீர்கள். மாட்டலாம்தான், பின்னால் தண்ணி லாரி வராத ஊராக இருந்தால்.

அவரே மறுபடியும்
கேள்வி: முன்பக்கம் சரி. எப்படிக் கட்டுவது? கயிறு போதுமா?

பதில்: கயிறு கட்டுவதற்கு அது என்ன வாழைத்தாரா? நிறைந்த 14.2 கிலோ சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ வரும். ஈ.சி.ஆரில் மாடு குறுக்கே வந்து சடன் பிரேக் அடித்தால், அந்த 30 கிலோ முன்னே போயே தீருவேன் என்று நிற்கும். மோதினால் அதன் விசை பல மடங்கு.

அடிவளையம் கச்சிதமாக உட்கார ஒரு இரும்புக் கிண்ணம் வேண்டும். அதன் அடியில் ஓட்டைகள் போட்டு விடுங்கள், மழைத் தண்ணீர் தேங்காது. உள்ளே ஒரு ரப்பர் பட்டை போடுங்கள். இரும்பும் இரும்பும் உரசினால் பெயிண்ட் போகும், பெயிண்ட் போனால் பெசன்ட் நகர் உப்புக்காற்று மிச்ச வேலையை முடித்துவிடும். உடம்பைச் சுற்றி இரண்டு இடத்தில் இரும்புப் பட்டை கிளாம்ப், அல்லது லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட். இரண்டும் டிரெய்லரின் சேஸிஸோடு போல்ட்டில் பிணைந்திருக்க வேண்டும். பிளைவுட்டில் ஸ்க்ரூ அடித்துக் கொடுத்தால், காசு கொடுக்காமல் திரும்பி வாருங்கள். கைப்பிடி வளையத்தில் மட்டும் பெல்ட் மாட்டுவதும் வேண்டாம். அது தூக்குவதற்கு இருப்பது.

டியூப் தகரத்தைத் துளைத்து உள்ளே போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டார்களா என்று விரலை வைத்தே தடவிப் பாருங்கள். தகர விளிம்பு ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் ரம்பமாகிவிடும். வெல்டிங் நடக்கும் நாளில் சிலிண்டர் பட்டறைப் பக்கமே போகக் கூடாது.

ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டுவிடுங்கள். நைலான் கயிற்றில் தொங்கும் அந்த மூடி அலங்காரத்துக்குக் கொடுத்ததில்லை.

டிபன் வண்டி உரிமையாளர், தி.நகர்
கேள்வி: பாண்டி பஜார் பக்கம் குட்டி யானையில் டிபன் கடை போடுகிறேன். சிலிண்டர் திருடு போகிறது என்று நாலு பக்கமும் தகரம் அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டேன். பத்திரம்தானே?

பதில்: திருடனிடமிருந்து பத்திரம். பூட்டு இருக்கட்டும். நாலு பக்கத்துத் தகரத்தில் கீழ்ப்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, கம்பி வலை போடுங்கள். மேலே எத்தனை ஜன்னல் வைத்தாலும் கேஸ் அதன் வழியாகப் போகாது, கீழே போக வழி வேண்டும். வலைக்கு நேர் கீழே சைலன்ஸர் இருந்தால் வலையை நகர்த்துங்கள். பேட்டரி, இன்வெர்ட்டர், எல்.இ.டி. போர்டு ஒயர் எதுவும் அந்தக் கூண்டுக்குள் குடியிருக்கக் கூடாது.

அப்புறம், கூண்டுக்குள் என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லையே? கடைக்கு 19 கிலோ நீல சிலிண்டர். வீட்டுச் சிவப்பு சிலிண்டரில் தோசை வார்த்து விற்பது சட்டப்படி தப்பு. தோசை நன்றாக இருந்தாலும்.

சஷ்டியப்தபூர்த்தி முடித்தவர், மந்தைவெளி
கேள்வி: நவக்கிரகக் கோயில் டூருக்கு வேன் பேசியிருக்கிறோம். சமையல்காரர் சிலிண்டரை வேன் மேலே கேரியரில் படுக்க வைத்துக் கட்டுவாராம். 'எத்தனை வருஷமா இப்படித்தான் மாமா போறோம், ஒண்ணும் ஆகாது' என்கிறார்.

பதில்: 'ஒண்ணும் ஆகாது' என்பது ஒரு நாள் வரைக்கும் உண்மை. நிற்கும் சிலிண்டரில் திரவம் கீழே, ஆவி மேலே, வால்வு ஆவியின் பக்கம். படுக்க வைத்தால் வால்வு வாயில் திரவம் வந்து நிற்கும். அப்போது கசிந்தால் வருவது ஆவி இல்லை, நான் சொன்ன 250 மடங்குச் சமாச்சாரம். அந்த நிலையில் அடுப்பு வேறு பற்றவைத்தால் தீ ஆளுயரம் எழும்பும். இதில் கேரியர் வெயில் வேறு.

மதுரை நினைவிருக்கிறதா? 2023 ஆகஸ்ட் 26. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டியை ரயிலிலிருந்து கழற்றி, ஸ்டேஷன் அருகே ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தேகால் மணி, உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரில் அடுப்பு எரிந்தது. 9 பேர் போனார்கள். ராமேஸ்வரம் போக வந்தவர்கள். ரயிலில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோவது ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருடம் வரை ஜெயில். இந்தச் சட்டம் 1989-லிருந்தே இருக்கிறது. அந்தப் பெட்டியிலும் யாரோ ஒருவர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்து யாத்திரைக்காரர்களுக்குச் சூடாகக் காபி கிடைக்காவிட்டால் சாமியே கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். கும்பகோணத்தில் காபிக்கா பஞ்சம்? சமையல்காரரை அழைத்துப் போங்கள், சிலிண்டரை விட்டுவிடுங்கள். தங்கும் சத்திரத்திலோ மண்டபத்திலோ அடுப்படி இருக்கும்.

ஸ்கூட்டர் மகாராஜா, மயிலாப்பூர்
கேள்வி: இரண்டு கால்களுக்கு நடுவே சிலிண்டரை நிறுத்தி ஸ்கூட்டரில் கொண்டுவருகிறேன். நிமிர்ந்துதானே இருக்கிறது?

பதில்: நிமிர்ந்துதான் இருக்கிறது, சட்டம்தான் சாய்ந்துவிட்டது. கேஸ் நிரம்பிய சிலிண்டரை சைக்கிளிலோ இருசக்கர வாகனத்திலோ கொண்டுபோகக் கூடாது என்கின்றன சிலிண்டர் விதிகள். லஸ் முனையில் பிரேக் போட்டால் யாரைப் பிடிப்பீர்கள், ஹாண்டில் பாரையா, அதையா?

தேனிலவு திரும்பியவர், அபிராமபுரம்
கேள்வி: ஜனவரியில் ஊட்டியில் டென்ட் போட்டுத் தங்கினோம். சென்னையில் ஜோராக எரிந்த சிலிண்டர் அங்கே விடியற்காலையில் அழுது வடிந்தது. பாதி கேஸ் மிச்சம் இருந்தும்! டீலர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: டீலரை விடுங்கள், குளிர்தான் குற்றவாளி. நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் சுறுசுறுப்புப் பேர்வழி. பியூட்டேன் அப்படி இல்லை. பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். எரிய எரிய முதலில் புரொப்பேன்தான் அதிகமாகக் கிளம்பிப் போகும், எனவே பாதி தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சோம்பேறி. ஜனவரி விடியலில் ஊட்டியில் உறைபனி விழும். குளிர் நாட்டு கேரவன்களில் புரொப்பேனாகப் பார்த்து மாட்டுவது இதனால்தான்.

சிலிண்டரை ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், சின்ன பர்னரை மட்டும் ஏற்றுங்கள். தணல் காட்டுவதும் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். இன்னொன்று, குளிருக்கு இதமாக டென்ட்டுக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்ஸைடு தரும், அதற்கு வாசனையே கிடையாது. கேஸுக்காவது எத்தில் மெர்கேப்டன் கலந்து அந்த நாற்றத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பேச்சிலர், கோட்டூர்புரம்
கேள்வி: கடையில் விற்கும் குட்டி சிலிண்டர், மேலேயே பர்னர் வைத்தது. கிலோ கணக்கில் ரீஃபில் பண்ணித் தருகிறார்கள். டிரிப்புக்கு ஏற்றதுதானே?

பதில்: எவ்வளவு நிரப்பினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கம்பெனி சிலிண்டரில் 33 லிட்டர் கொள்ளளவுக்கு 14.2 கிலோதான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவார்கள். வெயிலில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டுமே. பெரிய சிலிண்டரிலிருந்து டியூப் போட்டு இறக்குபவர் அந்த இடத்தையும் நிரப்பி, 'சார், ஃபுல் டைட்டு' என்று பெருமையாகக் கொடுப்பார். அந்தக் குட்டி சிலிண்டரை ஜன்னலோர வெயிலில் வைத்துக்கொண்டு மகாபலிபுரம் போவீர்கள்.

எண்ணெய்க் கம்பெனிகளே 5 கிலோ சிலிண்டர் விற்கின்றன, இண்டேன்காரர்கள் அதற்கு 'சோட்டு' என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். அதை வாங்குங்கள். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

கணக்குப் பிள்ளை, ராயப்பேட்டை
கேள்வி: பயணத்தின் நடுவில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆட்டிப் பார்க்கலாமா?

பதில்: ஆட்டினால் கை வலி எவ்வளவு என்றுதான் தெரியும். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். திரவம் இருக்கும் உயரம்வரை ஈரம் மெல்லக் காயும், அதற்குமேல் சீக்கிரம் காயும். நடுவே ஒரு கோடு தெரியும். நம்பாதவர்கள் எடை போடலாம், காலி எடை சிலிண்டர்மேலேயே எழுதியிருக்கும்.

சட்டம் படிக்கிறவர், ஆழ்வார்பேட்டை
கேள்வி: பழைய வேனை வாங்கி கேரவனாக மாற்ற ஆர்.டி.ஓ.விடம் சொல்ல வேண்டுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. சொல்லாமல் மாற்றினால், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் அந்தப் பிரிவை உங்களுக்கு ராகம் போட்டுச் சொல்வார்.

பயந்தாங்கொள்ளி, நந்தனம்
கேள்வி: ஓடும் வண்டியில் கேஸ் நாற்றம் வந்தால்?

பதில்: ஓரம் கட்டுங்கள், என்ஜினை நிறுத்துங்கள், எல்லாரும் இறங்கிக் கதவுகளை முழுக்கத் திறந்து வையுங்கள். உள்ளே எரியும் விளக்கை அணைக்கக்கூட ஸ்விட்சைத் தொடாதீர்கள், பொறி பறக்க அதுவே போதும். தள்ளி நின்று 1906-ஐ அழையுங்கள், கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. எங்கே கசிகிறது என்று பிறகு சோப்பு நுரையால் தேடலாம். தீக்குச்சியால் தேடும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை தானாகவே குறைந்துகொண்டு வருகிறது.

கேஸ் அலாரம் வாங்குவதாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே மாட்டுங்கள். கூரையில் மாட்டியிருக்கும் அலாரத்துக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரியவரும், குடும்பத் தலைவர்களுக்குப் போல.

அன்னதானக் கமிட்டி, மயிலாப்பூர்
கேள்வி: பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதி ஓரத்தில் பந்தல் போட்டு, நாலு சிலிண்டர் வைத்துச் சுடச்சுட பொங்கல் கிண்டிக் கொடுக்கலாம் என்று யோசனை. எப்படி நிறுத்துவது?

பதில்: அன்றைக்கு அந்த வீதியில் தேங்காய் உடைத்தால் சில்லு கீழே விழாது, அவ்வளவு கூட்டம். வீதி ஓரத்தில் மழைநீர் வடிகால் திறப்புகள் வேறு, கசிந்த கேஸ் முதலில் அங்கேதான் இறங்கும். தீயணைப்பு வண்டி நாயன்மார்களைத் தாண்டி எப்படி வரும்? பொங்கலை மண்டபத்தில் கிண்டி, ஹாட் பாக்ஸில் அடைத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவாருங்கள். பந்தலில் மோரும் பானகமும் கொடுங்கள். அந்த வெயிலில் உங்கள் பொங்கலைவிட அதற்குத்தான் வரிசை நீளமாக நிற்கும்.