கொடி பூத்த தோட்டம்

ஸ்கார்பரோ, கனடா
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

மண் மூட்டை போட்டோவைப் பார்த்ததும் நீங்கள் கேட்டது, "மண்ணையாடா காசு கொடுத்து வாங்கினே?" ஆமாம்ப்பா. மேல்மண் ஒரு விலை, உரம் கலந்த மண் ஒரு விலை, சிப்பம் சிப்பமாகக் கடை வாசலில் அடுக்கியிருக்கிறார்கள். சித்தப்பா காதில் போட்டுவிடாதீர்கள்; லாரியோடு கிளம்பிவிடுவார்.

எல்லாம் பெரியவள் பள்ளியிலிருந்து வந்த சீட்டால் வந்தது. 'வசந்தம் வந்துவிட்டது, பிள்ளைகளோடு பூச்செடி வையுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வாசல் படியில் பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் அந்தச் சீட்டையே படித்தேன்.

மண்வெட்டியை எடுத்தேனோ இல்லையோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "கேட்டாயா?" என்றார். யாரைக் கேட்பது, சொந்த வீட்டில்? இங்கே மண்ணைத் தோண்டுவதென்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இதற்கென்றே ஒன்டாரியோவில் 2012இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். கேஸ் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் பூமிக்கடியில் போகிறதாம், கொத்திவிட்டால் தெருவே போய்விடும். நியாயம்தான். ஆனால் நான் வைக்கப்போவது துலுக்கச் சாமந்தி. அதன் வேர் கேஸ் குழாயைத் தேடிப் போகுமா?

விண்ணப்பத்தில் கேள்விகள்: எத்தனை ஆழம்? கையாலா, இயந்திரத்தாலா? வேலை செய்பவர் யார்? "என் பேர் போடுப்பா" என்று சின்னவன் ஒரே அடம். அவனுடைய இயந்திரம் கடற்கரையில் மணல் அள்ளும் சிவப்பு பிளாஸ்டிக் கரண்டி.

சில நாள் கழித்து ஓர் ஆள் வந்தார். கையில் ஒரு கருவி, இன்னொரு கையில் பெயின்ட் டப்பா. மனை பார்க்கும் வாஸ்துக்காரர்கூட அத்தனை நிதானமாக நடக்கமாட்டார். புல்லின் மேல் கோடு இழுத்து, கோடு நெடுகச் சின்னச் சின்னக் கொடிகளைக் குத்திவிட்டுப் போனார். மஞ்சள் கொடி கேஸ், சிவப்பு கரண்ட், ஆரஞ்சு டெலிபோன், நீலம் குடிதண்ணீர். கோட்டுக்கு இந்தப் பக்கம் 1 மீட்டர், அந்தப் பக்கம் 1 மீட்டர் இயந்திரம் வைக்கக் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். மாலையில் பள்ளி விட்டு வந்த பெரியவள் வாசலிலேயே நின்று, "அப்பா, பூ வந்துடுச்சு!" என்று குதித்தாள். அவள் கண்ட முதல் வசந்தப் பூ, கேஸ் குழாய் மேல் பூத்த மஞ்சள் கொடி. சின்னவன் அதற்குத் தண்ணீரும் ஊற்றினான். உங்கள் மருமகள் அதையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். பெரியம்மா 'அழகான பூ' என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

நிஜப் பூவுக்கு நேரம் காலம் உண்டு. நமக்கு ஆடிப்பட்டம். இங்கே 1901இல் போய்ச் சேர்ந்த விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். மே 24ஐ ஒட்டி வரும் அந்தத் திங்கட்கிழமை விடுமுறை கழிந்த பிறகுதான் சாமந்தியைத் தரையில் வைக்கலாம், அதற்கு முன் வைத்தால் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும் என்கிறார்கள். ஆசைப்பட்டு முன்னதாகவே நாற்று வாங்கியாயிற்று. அதைக் காலையில் வெயிலில் வைத்து, சாயங்காலம் உள்ளே தூக்கி வந்து, வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டுமாம். உங்கள் மகன் எம்.இ. படித்துவிட்டுக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கட்டுவதுபோல் சாமந்தியை மேய்த்துக்கொண்டிருக்கிறான்.

ட்யூலிப் கதை வேறு. அதன் கிழங்கை ஐப்பசியிலேயே புதைத்துவிட வேண்டும். மூன்று நான்கு மாதம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். போன வருஷம் பிள்ளைகள் வரிசையாகப் புதைத்தார்கள்; அணில்கள் பின்னாலேயே வந்து வரிசையாகத் தோண்டித் தின்றன. அவை மட்டும் யாரையும் கேட்கவில்லை. நம் ஊர் அணில் முதுகில் மூன்று கோடு இருக்கும். இங்கே கன்னங்கரேலென்று பூனைக்குட்டி அளவு. நார்சிசஸ் கிழங்கில் விஷம், அதை அணில் தொடாது என்று வரும் வருஷத்துக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விஷக்கிழங்கா? வேண்டாம் என்றுவிட்டேன்.

பிள்ளைகள் முகம் வாடியது பொறுக்காமல் ட்யூலிப் விழா பார்க்க ஒட்டாவாவுக்குக் காரை எடுத்தேன். அடேயப்பா! கால்வாய்க் கரையெங்கும் பூ. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானாவுக்கு ஒட்டாவா அடைக்கலம் கொடுத்ததாம். அந்த நன்றிக்கு 1945இல் ஒரு லட்சம் கிழங்கு வந்திறங்கியிருக்கிறது. நம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டினார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். நமக்குக் கோட்டை, இவர்களுக்குப் பூ!

நேற்றுப் பெரியவள் கேட்டாள்: "தாத்தா வீட்டில் கொடி என்ன கலர்?" ஆயுதபூஜைக்கு வண்டியில் கட்டிய மாலையைக் கிணற்றடியில் வீசினால், அடுத்த மழைக்குச் சாமந்திக் காடாக நிற்குமே, அதைச் சொன்னேன். நம்பவில்லை. "யார் பர்மிஷன் கொடுத்தா?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா. மண்ணில் கை வைக்க ஆள் வந்து கோடு போட வேண்டும் என்றே இவள் வளர்ந்துவிடுவாளோ என்று இருக்கிறது.

டிசம்பரில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. கிணற்றடிக்குச் சிமெண்ட் போடப் போவதாகத் தம்பி சொன்னான். பொங்கல் கழிகிறவரை அதில் கை வைக்க வேண்டாம் என்று நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஈர மண்ணாக, அப்படியே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்