இளகிய தேங்காய்

கேள்வி: பிள்ளையாருக்கு உடைக்க வாங்கியதில் மிஞ்சிய தேங்காய்களைத் துருவி ஃப்ரீசரில் வைத்தேன். கரண்ட் போய் இளகிவிட்டது. மறுபடி உறைய வைக்கலாமா?
(வாசகி, பழவங்காடி)

பதில்: உங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு, கோயிலை நிர்வகிக்கும் ராணுவமே காவல்; துருவலுக்கு மைனஸ் 18 டிகிரிதான் காவல். அந்தக் குளிரும் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். கரண்ட் போனால் எழுந்து உட்கார்ந்துவிடும்!

துருவலில் இன்னும் பனித்துகள் நறநறக்கிறதா? தாராளமாக உறைய வையுங்கள். அவியலில் ருசி சற்றுக் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகி, குளிர் விட்டு 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்ததென்றால் குப்பைக்கூடைதான். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமியையெல்லாம் நாற்றம் காட்டிக்கொடுப்பதில்லை. இனி ஒரு சமையலுக்கு ஒரு பொட்டலம் என்று தட்டையாகக் கட்டி வைத்து, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள்.