காலிப் பாத்திரக் கோட்பாடு: கட்டுச்சோற்றுப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

இத்துறையில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நடக்கவில்லை என்று தொடங்குவது ஆய்வாளர் மரபு. கட்டுச்சோற்றைப் பற்றி வேண்டுமானால் யாரேனும் எழுதியிருக்கலாம். சோறு தீர்ந்த பிறகு நடப்பதை எழுத ஆளில்லாததற்குக் காரணம், அந்த நேரத்தில் அறிஞர் பெருமக்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவதுதான்.

ஆய்வுப் பொருள் இதுதான்: ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்கோ, காணும் பொங்கலுக்கு முக்கொம்புக்கோ போகும் ஒரு குடும்பம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, காவிரிக்கு எதையும் விட்டுவைக்காமல் வீடு திரும்ப முடியுமா?

முதலில் குப்பையின் தோற்றுவாயைக் காண்போம். பலரும் பாலிதீனைச் சொல்வார்கள். அது விளைவு. மூலகாரணம் சாம்பார். சாம்பார் வருகிறது என்று முடிவானால் கிண்ணம் வேண்டும். கிண்ணம் வந்தால் கரண்டி வேண்டும். வழியில் ஓட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுத்தலைவர் அருளினால், நூல் சுற்றிய பாலிதீன் பை வந்தே தீரும். அந்த நூலின் முடிச்சை அவிழ்த்தவர் யாருமில்லை. பல்லால் கடிப்பார்கள், பை கிழியும், சட்டை நனையும், துடைக்க டிஷ்யூ பேப்பர் வரும்.

நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தார்கள். ஆற்றங்கரைக்கு அவர்கள் கட்டிக்கொண்டு போனவற்றின் பட்டியலைப் பாருங்கள்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம், தொட்டுக்கொள்ள வடகம். ஒன்றுக்கும் கிண்ணம் வேண்டாம். சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு விசிறி ஆற்றிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலப்பார்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டும், மாலைக்குள் சோறு ஊசிப்போகும். ஆறவிட்டால் புளியும் எண்ணெயும் மறுநாள் வரைகூடக் காவல் நிற்கும். தயிர்சாதத்தில் பாலை நிறைய ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகக் கலப்பார்கள். அது வண்டியிலேயே தோய்ந்து, மதியத்துக்குச் சரியான புளிப்பில் வந்துசேரும். பயண நேரத்தையும் சமையலில் சேர்த்துக்கொண்ட இந்தத் தொழில்நுட்பத்துக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. குளிர்பதனப் பெட்டி, ஐஸ்கட்டி, அலுமினியத் தாள் எதற்கும் அங்கே வேலையில்லை.

பொதி கட்டும் பொருளிலும் குறையில்லை. வாழையிலையை அப்படியே மடித்தால் கிழியும். தணலில் லேசாக வாட்டினால் துணிபோல் மடியும். கட்ட வாழைநார். இல்லையென்றால் மந்தாரையிலை, ஈர்க்குச்சி குத்திய தையல் இலை. இலையும் ஒருமுறை பயன்பாட்டுப் பொருள்தானே என்று ஆய்வரங்கில் ஒருவர் எழுந்து கேட்பார். உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மாடு நிற்கிறது.

இனி சட்டச் சான்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தெர்மாக்கோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் எதிர்பார்த்தவையே. வியப்புக்குரியவை வேறு இரண்டு. ஒன்று, காகிதக் கப். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் அதில் டீ ஒழுகாமல் நிற்கிறது. காகிதம் என்ற பெயரில் அது வேடமிட்டுத் திரிகிறது. மற்றொன்று, கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுத் தரும் அந்த மெல்லிய ‘துணிப்பை’. பெரும்பாலும் அது துணியே அல்ல, பாலிப்ரோப்பிலீன். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கவேண்டி வந்ததற்கு இந்தப் போலித் துணிகளும் காரணமாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். மஞ்சப்பையைத் தூக்கினால் பட்டிக்காட்டான் என்று சிரித்த தலைமுறைதான் இன்று அதை வாங்கக் கோயம்பேட்டில் இயந்திரத்தில் காசு போடுகிறது.

நீலகிரிக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் பாடம் உண்டு. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள். குழாய் வைத்த கேன் ஒன்று, ஆளுக்கொரு டம்ளர் என்று புறப்பட்டால் தகராறில்லை. குற்றாலத்திலோ இந்த ஆய்வை மதிப்பிடவே ஒரு வானரக் குழு மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாலிதீன் பை சரசரத்தால் தின்பண்டம் என்று அக்குழுவுக்குத் தெரியும். பக்கவாட்டுக் கொக்கி போட்ட டிபன் கேரியரிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை.

உணவு இருக்கிறது, இலை இருக்கிறது, கேரியர் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பின் எங்கே இடறுகிறது?

இங்கேதான் இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு வருகிறது. நிரம்பிய பாத்திரம் கனப்பதில்லை. காலிப் பாத்திரமே கனக்கும். நியூட்டனுக்கு இது தெரிய வழியில்லை, அவர் ஐந்தடுக்குக் கேரியரைத் தூக்கியதில்லை. போகும்போது ‘கொண்டா நான் எடுத்துக்கிறேன்’ என்று சித்தப்பாவும் மாமாவும் போட்டியிட்ட அதே கேரியர், திரும்பும்போது அநாதையாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கும் தயிர் வாடையுமாக அது கடைசியில் யார் மடிக்கு வந்துசேரும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை.

இதற்குத் தொல்லியல் சான்றும் உண்டு. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்த அந்த எழுத்துகள் கல்வெட்டுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பெயர் வெட்டுவது பாத்திரம் வீடு திரும்புவதற்காக. ‘அத்தை சீர் குடுத்த தூக்கு, தொலைச்சுட்டு வந்தே, அவ்வளவுதான்’ என்ற எச்சரிக்கையோடுதான் அது வாசல்படி தாண்டும். காகிதத் தட்டில் பெயர் வெட்டியவர் உலகில் இல்லை. யாருடையதும் அல்லாத பொருளைத்தான் ஆறு வாங்கிக்கொள்கிறது.

ஆகவே காகிதத் தட்டை வெறும் சோம்பேறித்தனம் என்று ஏசுவது ஆய்வு நேர்மையாகாது. ‘இன்னிக்கு ஒருநாளாவது நீ பாத்திரம் தேய்க்க வேண்டாம்’ என்று வீட்டுப் பெண்களுக்கு அது ஒரு வாக்குறுதி கொடுத்தது. அந்த வாக்குறுதியை வேறு யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சுற்றுலா முடிந்த இரவில், எல்லோரும் கால் நீட்டிய பிறகு, ஐந்தடுக்கையும் எட்டு டம்ளரையும் ஒருத்தி மட்டும் தொட்டியடியில் தேய்த்துக்கொண்டிருக்கும்வரை பாலிதீன் ஒழியாது. 14 வகையைத் தடை செய்தால் 15-வது வகை வரும்.

காலிப் பாத்திரத்தின் கனத்தைக் குறைக்கவும் வழி உண்டு. கேரியரின் அடுக்குகளைக் காலியான பின் ஒன்றுக்குள் ஒன்று செருக முடியாது. அதற்குப் பதில் அளவு வாரியான சம்படங்களாகக் கொண்டுபோனால் திரும்பும்போது ஒரே பையில் அடங்கும். பிசுக்கை அங்கேயே இலையால் வழித்து எடுத்துவிட்டால் தேய்ப்பதும் பாதிதான். சோப்பை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எனவே அடுத்த காணும் பொங்கலுக்குப் புறப்படும் சித்தப்பா, மாமா, அண்ணன்மார்களுக்கு ஆய்வாளரின் தாழ்மையான வேண்டுகோள்: சம்படத்தை நீங்கள் தூக்கி வாருங்கள், அன்றிரவே நீங்களே தேயுங்கள். தேங்காய் நார் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, சாம்பல் இல்லாவிட்டால் சபீனா மேல்தட்டில்.