பனியில் பட்டினி கிடப்பது எப்படி?

பகலெல்லாம் புனே ஹிஞ்சேவாடி ஐடி ஆபீஸில் டிக்கெட் மூடிவிட்டு, ராத்திரியானால் 'தி லாங் டார்க்' திறக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக இது. கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ 2014-இல் அரைகுறையாகவும் 2017-இல் முழுசாகவும் வெளியிட்ட ஆட்டம். ஆளில்லாப் பனிக்காடு, பசி, குளிர், ஓநாய். செத்தால் பொதுவாக சேவ் ஃபைலும் கூடவே போய்விடும். வருஷக்கணக்கில் இதை ரசிக்க ஒரு பக்குவம் வேண்டும். இரண்டு அப்ரைசல் பார்த்தவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கும்.

'பில்கிரிம்' லெவல் பக்கம் போகாதீர்கள். அங்கே உங்களைப் பார்த்து ஓநாய் ஓடும். அதற்கு எதற்கு ஓநாய்? நேராக 'இன்டர்லோப்பர்'. துப்பாக்கி கிடையாது. கத்தி வேண்டுமென்றால் எங்கேயோ கிடக்கும் சுத்தியலைத் தேடி எடுத்து, உலை இருக்கும் இடம் வரை சுமந்துபோய், நிலக்கரி போட்டுப் பழைய இரும்பைக் காய்ச்சி நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். போகிற வழியிலேயே பலமுறை சாவீர்கள். கணக்கு வைக்காதீர்கள்.

பத்து மணிக்கு அம்மா போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" திரையில் வயிறு காலி, கையில் சம்புக்கோரைத் தண்டு, ஒன்றுக்கு 150 கலோரி. "ரெண்டு தண்டு சாப்பிட்டேம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரமே பருப்புப்பொடியோடு ரயிலேறிவிடுவார். டப்பாக்காரர் கொடுத்த சப்பாத்தி மேசையில் ஆறட்டும். இருட்டுவதற்குள் மானை அறுத்தாக வேண்டும்.

குடிசைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் 'கேபின் ஃபீவர்' வரும். வந்துவிட்டால் உள்ளே தூக்கம் கிடையாது. வீட்டிலிருந்து வேலை பார்த்தே மழைக்காலத்தைக் கடத்தியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யுபிஎஸ் வாங்குங்கள். வீட்டுக்குள் நுழைந்தாலோ தூங்கி எழுந்தாலோதான் ஆட்டம் பெரும்பாலும் சேவ் ஆகும். புனேயில் வியாழக்கிழமைப் பராமரிப்பு என்று கரண்ட் போகிற நேரத்தில் நீங்கள் ஓநாயின் வாயில் இருந்தால் மட்டும் யுபிஎஸ்ஸை அணைத்துவிடலாம். ஏமாற்று என்பார்கள். மின்வாரியத்தின் கருணை என்பேன்.

ஆனால் குளிரும் ஓநாயும் இந்த ஆட்டத்தைக் கெடுப்பதில்லை, வசதிதான் கெடுக்கும். நூறு நாள் தாண்டியதும் கரடித்தோல் கோட்டு வந்துவிடும். வெயிலடித்தால் பூதக்கண்ணாடியிலேயே தீ மூட்டலாம், தீக்குச்சி வேண்டாம். சமையல் ஐந்தாம் படிக்கு ஏறிவிட்டால் ஓநாய்க்கறி தின்றாலும் பூச்சி பிடிக்காது. வாசல் பனியில் கறி குவிந்து கிடக்கும். அப்புறம் தினமும் அம்பு எத்தனை, துணி எத்தனை, மீன் எண்ணெய் எத்தனை என்று எண்ணுவீர்கள். இதைத்தானே ஹிஞ்சேவாடி ஃபேஸ் 3-இல் எக்செல்லில் செய்துவிட்டு வந்தீர்கள்? பலர் ஆட்டத்தை விடுவது இந்த இடத்தில்தான், சாவு வந்து அல்ல.

மருந்து ஒன்றே. சேர்த்ததையெல்லாம் போட்டுவிட்டு, டிம்பர்வுல்ஃப் மலைக்கு அரைப்பையோடு கிளம்புங்கள். மனசு வராது. நாற்பது கிலோவையும் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போவீர்கள். சரிவில் கணுக்கால் சுளுக்கும், பனிப்புயல் பிடிக்கும், குடிசை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுவீர்கள். நல்லது. அன்றைக்கே புது ஆட்டம் தொடங்குங்கள்.

மறுநாள் காலை ஸ்டாண்டப்பில் கண் சிவந்திருப்பதைப் பார்த்து மேனேஜர் கேட்டால், 'ஒரு பிளாக்கர் இருந்தது' என்று சொல்லுங்கள். அது கரடி என்பது அவருக்குத் தெரியவேண்டியதில்லை.