தீப்பிடித்தால் தள்ளுபடி உண்டு

தான் விற்ற சாமான் தானாகப் பற்றி எரியக்கூடும் என்று ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. வாங்கியவருக்கு முழுக் காசையும் திருப்பித் தருவதுதானே முறை என்று கேட்பவர்கள் பெரிய வியாபாரம் பார்த்திராத அப்பாவிகள். 2012 ஜூனில் எச்பி நிறுவனம் தன் ஃபேக்ஸ் 1040, 1050 மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே இருக்கும் மின்பாகம் பழுதாகி, சூடேறி, தீப்பிடிக்கலாம். 2004-லிருந்து 2011 வரை விற்றவை, அமெரிக்காவில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், எங்களைக் கூப்பிடுங்கள், எங்களிடமே புதிதாக ஒன்று வாங்கினால் விலையில் கொஞ்சம் கழித்துத் தருகிறோம் என்றது அறிவிப்பு. அலுவலகத்தைக் கொளுத்தப் பார்த்தவன் கடைக்கே மறுபடி போய்ப் பணம் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பு நடவடிக்கை.

இந்தத் தொழிலுக்கு நெருப்பு புதிதல்ல. 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914, சாதாரணக் காகிதத்தில் நகலெடுத்து வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த யந்திரம். இன்றைய லேசர் பிரிண்டரும் அதன் வம்சம்தான்: உருளையில் ஒளி எழுதும், டோனர் என்ற பொடி ஒட்டும், சூடு அந்தப் பொடியை உருக்கிக் காகிதத்தில் பதிக்கும். 914 சில சமயம் ஆர்வக்கோளாறில் காகிதத்தையே கொளுத்திவிடும். கம்பெனி கூச்சப்படவில்லை. கூடவே ஒரு குட்டித் தீயணைப்பானையும் கொடுத்தது. அப்படிச் சொன்னால் வாங்குபவர் மிரளுவாரே என்று ‘கருகல் நீக்கி’ என்ற பொருளில் அதற்கொரு நாகரிகப் பெயரும் வைத்தது. நுகர்வோருக்காகப் போராடிய ரால்ஃப் நாடர், தம் அலுவலகத்து யந்திரம் நான்கே மாதத்தில் மூன்று முறை தீப்பிடித்ததாகப் புகார் சொன்னார். கருகலை ஒழுங்காக நீக்கத் தெரியாத மனிதர்!

தீயாவது பரவாயில்லை, புகை காட்டிக்கொடுத்துவிடும். 2013-ல் ஜெர்மனியில் அகப்பட்டதற்குப் புகையும் கிடையாது. டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளரிடம் ஒரு கட்டட வரைபடம் வந்தது. மூன்று அறைகள்: 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஜெராக்ஸ் வொர்க்சென்டரில் ஸ்கேன் செய்தால் மூன்று அறையுமே 14.13. மங்கல் இல்லை, கறை இல்லை, எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. பொய்யை இவ்வளவு துல்லியமாக அச்சடித்த யந்திரம் அதற்கு முன் இருந்ததா தெரியவில்லை. ஒரு செலவுப் பட்டியலில் 65 என்பது 85 ஆகியிருந்தது. காரணம் சிக்கனம். கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் யந்திரம் அதையே ஒட்டிவிடுகிறது. அதன் கண்ணுக்கு 6 என்ன, 8 என்ன?

கம்பெனி முதலில் சொன்ன பதிலைக் கேளுங்கள்: எழுத்து மாறலாம் என்று அமைப்புப் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறோம், தரத்தைக் கூட்டி வைத்திருந்தால் இந்தத் தொல்லை வராது. கிரீசல் தரத்தைக் கூட்டி வைத்தும் எண் மாறுவதைக் காட்டினார். அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள். அதற்குள் அந்தக் கோளாறு சுமார் எட்டு வருடம் யந்திரங்களுக்குள் குடித்தனம் நடத்தியிருந்தது. எட்டு வருடத்தில் எத்தனை மருந்துச் சீட்டு, எத்தனை டெண்டர், எத்தனை வழக்குக் கட்டு அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போயிருக்கும்? ஸ்கேன் இருக்கிறதே என்று அசலைக் கிழித்துப் போட்டவனுக்கு எந்தத் திருத்தம் வந்து அவனுடைய 6-ஐ மீட்டுக்கொடுக்கும்? ஒரு குமாஸ்தா 65-ஐ 85 என்று எழுதினால் அன்றே வேலை போகும், மோசடி வழக்கும் வரும். யந்திரம் எழுதினால் அப்டேட் வரும்.

எண் மாறுவது தெரியாத இதே ஜாதி யந்திரத்துக்கு, வேறு கம்பெனி டோனரை மாட்டினால் மட்டும் பார்வை பிரமாதமாகத் தெளிந்துவிடும். கார்ட்ரிட்ஜில் ஒரு சிப். அது ‘நம்ம ஆள்’ என்று சாட்சி சொன்னால்தான் உள்ளே அனுமதி. 2022 தொடக்கத்தில் உலகமெங்கும் சிப்புக்குத் தட்டுப்பாடு. கேனன் நிறுவனம் சிப் இல்லாமலே தன் டோனரை விற்க வேண்டிவந்தது. அதன் யந்திரங்கள் அதன் சொந்தச் சரக்கையே போலி என்று சந்தேகித்தன. பெற்ற தாயே பிள்ளையைப் பார்த்து ‘நீ யாரப்பா?’ என்று கேட்ட கதை. எச்சரிக்கையைத் தாண்டிப் போவது எப்படி என்று ஜெர்மனியில் கேனனே வழி சொல்லிக்கொடுத்தது. சிப் இல்லாவிட்டாலும் அச்சுத் தரம் கெடாதாம்! இத்தனை காலம் அந்தச் சிப்புக்கும் சேர்த்துக் காசு அழுதவர்கள் இதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொள்ளலாம்.

2025 மார்ச்சில் எச்பி இன்னும் ஒரு படி மேலே போனது. எம்232 முதல் எம்237 வரையிலான லேசர்ஜெட்டுகளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் அனுப்பியது. அதன் பிறகு சிலருக்கு எச்பியின் அசல் டோனரைப் போட்டாலும் ‘பிழை 11’. அடுத்தவன் சரக்கை விரட்ட வாசலில் நிறுத்திய காவல்காரன் முதலாளி வீட்டுச் சரக்கையே மடக்கினான்.

விற்ற பொருள்மேல் காப்புரிமை காட்டி அதிகாரம் பண்ண முடியாது என்று லெக்ஸ்மார்க் கம்பெனியின் டோனர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு கார்ட்ரிட்ஜுக்குத்தானே, சிப்புக்கு இல்லையே!

எச்பியின் அப்போதைய தலைவர் என்ரிக் லோரஸ் 2024 ஜனவரியில் தொலைக்காட்சியில் மனம்விட்டுப் பேசினார். வாங்கியவர் போதுமான அளவு அச்சடிக்காவிட்டால், அல்லது தங்கள் டோனரையும் மையையும் வாங்காவிட்டால், அவர் கம்பெனிக்கு மோசமான முதலீடாம். காசு கொடுத்து வாங்கியது நாம், முதலீடு செய்தது அவர்! நல்ல முதலீடாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் அசல் டோனரையே மாட்டுங்கள். பிழை 11 வந்தால் கழற்றிவிட்டு இன்னொரு அசல் டோனரை வாங்கி மாட்டுங்கள். புகை வந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தள்ளுபடி எவ்வளவு என்று போன் போட்டுக் கேளுங்கள்.