பட்டாம்பூச்சிக்காரரின் துப்பாக்கி

கேள்வி: போஸ்டரில் துப்பாக்கியோடு ஓடும் ஜார்ஜ் க்ளூனியை நம்பி ‘தி அமெரிக்கன்’ பார்க்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் குறட்டை. தப்பு என்மேலா, படத்தின்மேலா? (திருப்பூர் வாசகர்)

பதில்: போஸ்டர்மேல். 2010-ல் படம் வந்தபோது அமெரிக்கர்களும் இதைப் பார்த்துத்தான் ஏமாந்தார்கள். முதல் வார இறுதி வசூலில் முதலிடம். ஆனால், படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மார்க் கேட்கும் ‘சினிமாஸ்கோர்’ கணக்கெடுப்பில் ‘டி மைனஸ்’. கிட்டத்தட்ட ஃபெயில். பிரியாணி வாசம் காட்டிக் கூப்பிட்டுவிட்டுத் தயிர்சாதம் பரிமாறினால் பந்தியில் சண்டை வரத்தான் செய்யும். தயிர்சாதம் என்ன பாவம் செய்தது?

கேள்வி: கூலிக்குக் கொலை செய்கிறவனுக்கு அப்படி என்ன இரட்டை வாழ்க்கை? (நாகர்கோவில் வாசகி)

பதில்: பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வேலை கொடுப்பவனுக்கு ஜாக், ஊராருக்கு எட்வர்ட். ஸ்வீடன் பனியில் தன்னைத் தீர்க்க வந்தவர்களைத் தீர்த்துவிட்டு, இத்தாலியின் அப்ருட்ஸோ மலையில் கஸ்டெல் டெல் மோன்டே என்ற கிராமத்தில் வந்து பதுங்குகிறான். யாராவது கேட்டால், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்கிறான். உள்ளூர்ப் பாதிரியார் பெனடெட்டோ விவரமானவர். இது கலைஞன் கை இல்லை, தொழிலாளி கை என்று சொல்லிவிடுகிறார். மாப்பிள்ளையிடம் ஒரு பேச்சுப் பேசாமல், கையைக் குலுக்கியே உத்தியோகத்தைக் கண்டுபிடிக்கும் தாத்தாக்கள் நம் ஊரிலும் உண்டு.

கேள்வி: விறுவிறுப்பாக ஒரு காட்சிகூடவா இல்லை? (மதுரை வாசகர்)

பதில்: முதல் ஐந்து நிமிடம் போதாதா? உறைந்த ஏரி. காதலியோடு நடந்து போகிறான். பனியில் யாரோ நடந்த தடம். அதைப் பார்த்ததும் ஆளே மாறுகிறான். குண்டு வருகிறது, திருப்பிச் சுடுகிறான். ‘வீட்டுக்குப் போய்ப் போலீஸைக் கூப்பிடு’ என்று அவளை அனுப்புகிறான். திரும்பி நடக்கிறவளைப் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறான். அவள் செய்த ஒரே குற்றம், அவன் கையில் துப்பாக்கியைப் பார்த்தது.

அதற்கப்புறம் எந்தப் பெண் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. இத்தாலியில் பழக்கமாகும் கிளாராவின் கைப்பையில் சின்னதாக ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை அவன் பார்த்துவிட்டான், நாமும் பார்த்துவிட்டோம். இனி அவர்கள் வானிலை பேசினாலும் அது சண்டைக்காட்சிதான். மெதுவாகப் போகிறது என்கிறீர்களே, பயந்துகொண்டிருக்கிறவனுக்குக் கடிகாரம் வேறு எப்படிப் போகும்?

இன்னொன்று, வேறொருவருக்காகத் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்கிற காட்சி. பாதிரியாரின் மகன் (ஆமாம், மகன்தான், அது இன்னொரு இரட்டை வாழ்க்கை) வைத்திருக்கும் மெக்கானிக் ஷெட்டிலிருந்து பழைய இரும்புச் சாமான்களை அள்ளி வந்து, மேசையில் பரப்பி, அறுத்து, ராவி, துடைத்து உட்கார்ந்திருக்கிறான். மூக்குத்திக்குக் கல் பதிக்கும் ஆசாரியின் நிதானம். ஆளைக் கொல்லும் சாமான் என்பதே ஒரு கணம் மறந்துவிடுகிறது. அது யாரைக் கொல்ல என்பது அவனுக்கே தெரியாது.

கேள்வி: மூல நாவலைப் படிக்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தாராளமாக. மார்ட்டின் பூத் 1990-ல் எழுதிய ‘எ வெரி பிரைவேட் ஜென்டில்மேன்’. அதில் நாயகன் பட்டாம்பூச்சி வரைகிற ஓவியன் என்று ஊரை நம்பவைக்கிறான். ஊரும் ‘சிஞ்ஞோர் ஃபர்ஃபல்லா’, அதாவது பட்டாம்பூச்சிக்காரர், என்று கூப்பிடுகிறது. படத்தில் பட்டாம்பூச்சி அவன் முதுகில் பச்சையாக ஏறிவிட்டது, தூரிகை கேமராவாகிவிட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். இயக்குநர் ஆன்டன் கார்பைன், யூ-2, டெபெஷ் மோட் இசைக்குழுக்களைப் படமெடுத்துப் பேர் வாங்கிய ஃபோட்டோகிராஃபர். அதனால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் காலண்டர் அழகு. சில இடங்களில் கதையே ஓரமாக நின்று போஸ் கொடுக்கிறது.

கேள்வி: உங்களுக்குப் பிடிக்காதது ஒன்றுமே இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: கிளாரா. பாலியல் தொழிலாளிக்குத் தங்க மனசு, கொலைகாரனுக்குத் திருந்தும் ஆசை. எம்.ஜி.ஆர். காலத்துக்கு முன்பே தேய்ந்த பாட்டை.

கேள்வி: தமிழில் எடுத்தால்? (கோவை வாசகர்)

பதில்: முதல் காட்சியில் காதலியைச் சுட்டவனுக்கு மூன்றாவது ரீலில் டூயட் வைக்க வேண்டியிருக்கும். டான்ஸ் மாஸ்டர் பாவம்.

கேள்வி: இதே வகையில் இதைவிட நல்ல படம்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குப் பழகிய மொழியிலேயே இருக்கிறது. ழான் பியர் மெல்வில் எடுத்த ‘லெ சமுராய்’, 1967. அலென் தெலோன் நடித்தது. முதல் பத்து நிமிடம் வாக்கில் யாரும் வாயே திறப்பதில்லை. கூண்டுப் பறவை ஒன்று மட்டும் கத்துகிறது. ஆள் இல்லாத நேரத்தில் அறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சொல்வதும் அதே பறவைதான். படத் தொடக்கத்தில் சாமுராய் நூலிலிருந்து எடுத்ததாக ஒரு மேற்கோள் வரும். அது மெல்வில் சொந்தமாகக் கட்டியது. படமே இரட்டை வாழ்க்கை வாழ்கிறது.

கேள்வி: ‘தி அமெரிக்கன்’ கிளைமாக்ஸையாவது சொல்லிவிடுங்களேன், மிச்சத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்கிறேன். (மறுபடியும் திருப்பூர் வாசகர்)

பதில்: மாட்டேன். 105 நிமிடப் படம். நீங்கள் பார்த்த அரை மணி போக 75 நிமிடம்தான் பாக்கி. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு உட்காருங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.